மூன்று நாளில் ஓர் ஊசிகூட இல்லை

ஜூலை 6

அண்ணா,

பத்தொன்பது தடவை கூப்பிட்டுவிட்டேன். நீ எடுக்கவில்லை. போனை அணைத்து வைத்துவிடலாம், கடிதத்தைக் கிழிப்பதற்காவது கையில் எடுத்துத்தானே ஆகவேண்டும் என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணிக்குக் கையில் ஊசி குத்தியதை நீ எனக்குச் சொல்லவில்லை. உங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணி மடிக்கிற பெண்மணி சொன்னார். ஜனவரியில் நான் பிள்ளைகளோடு வந்தபோது என் நம்பரை வாங்கி வைத்திருந்தார். "கட்டை மேசைய எடுத்ததே உங்க அறிக்கைய வச்சுத்தானாம்மா. உங்க பேரச் சொன்னாலே உங்க அண்ணன் எந்திரிச்சுப் போயிடுறாரு" என்றார். அவர் போனை வைத்த பிறகு எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. மேசையை நானா எடுத்தேன்?

நான் என்ன பாடம் நடத்துகிறேன் என்று நீ ஒருநாளும் ஒழுங்காகக் கேட்டதில்லை. "ஒல்லிப் பாடம்" என்று கிண்டல்தான் செய்வாய். இப்போதாவது கேள். ஒரு வேலையில் எது தேவை, எது வீண் என்று பிரித்து, வீணானதை நீக்கிவிட்டு அந்த வேலையைத் திரும்ப வடிவமைப்பது. அதற்குத்தான் லீன் என்று பெயர். கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் மண்டையில் ஏறாது. அதனால் முதல் நாளே எட்டுப் பேரை வரிசையாக உட்காரவைத்துக் காகிதக் கவர் செய்யச் சொல்வேன். ஒருவர் வெட்டுவார், ஒருவர் மடிப்பார், ஒருவர் பசை தடவுவார், ஒருவர் ஐந்து மணிகளை உள்ளே போடுவார், ஒருவர் சரிபார்ப்பார், ஒருவர் ஒட்டுவார், இப்படிப் போகும். ஸ்டாப்வாட்ச் ஓடும். முதல் சுற்றில் கலவரம். பிறகு அவர்களே தேவையானதற்குப் பச்சைச் சீட்டும் வீணானதற்குச் சிவப்புச் சீட்டும் ஒட்டி வரிசையை மாற்றுவார்கள். மூன்றாவது சுற்றில் பாதி நேரத்தில் இரண்டு மடங்கு கவர் வந்துவிடும். அந்த முகங்களைப் பார்க்க வேண்டும் நீ.

இதை நிஜ வேலையில் செய்து பார்க்கட்டும் என்றுதான் உன்னிடம் கூட்டிவந்தேன். நீதானே கூப்பிட்டாய். "உன் பசங்களக் கூட்டிட்டு வா, நம்ம கூடத்தையும் பாக்கட்டும்" என்றது யார்?

அறிக்கையில் நாற்பத்திரண்டு சிபாரிசுகள் இருந்தன. அண்ணி வேலை பார்த்த கட்டை மேசையை எடுப்பது அதில் ஒன்று. குறையை அது பிறக்கிற இடத்திலேயே தடுக்க வேண்டும், கடைசியில் ஆளைப் போட்டுத் தேடக்கூடாது என்பது பாடம். வார்டில் நர்ஸுகள் ஊசியைத் தனியே பிரித்துவிடுகிறார்கள் என்றால் அழுக்குத் துணியை மேசையில் விரித்து, கட்டையால் இழுத்து, 'டிக்' என்று தட்டுகிற சத்தத்தை வைத்து ஊசி தேட வேண்டியதில்லை. பிரிக்கிறார்களா என்று எண்ணிப் பார்த்தோம். மூன்று நாள், எழுநூற்றுப் பத்தொன்பது விரிப்புகள். ஓர் ஊசிகூட இல்லை. பார்த்ததை எழுதினோம்.

அண்ணிக்கு இப்போது எப்படி இருக்கிறது? எந்தக் கை? ஒரு வரியாவது எழுது.

உன் தங்கை

ஜூலை 17

வாத்தியாரம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கத்தான் போனேன். உன் அண்ணி என் கையிலிருந்து பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

வலது கை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில்.

ஜூன் 12, காலை பத்து மணி இருக்கும். கட்டை மேசையை எடுத்த பிறகு அவளை மூட்டை பிரிக்கிற இடத்தில் போட்டிருந்தார்கள். ஆபரேஷன் பக்கத்து மூட்டை. அவிழ்த்து, வெள்ளையைத் தனியாக, பச்சையைத் தனியாக மெஷினில் எறிய வேண்டும். ஒரு மூட்டைக்கு நாலு நிமிஷம் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அந்த நாலு நிமிஷம் உங்கள் கணக்குதான். கையை உள்ளே விட்டாள், விட்ட வேகத்தில் வெளியே எடுத்தாள். சத்தம்கூடப் போடவில்லை. உறையைக் கழற்றிக் குழாயில் பிடித்துக்கொண்டு, "என்னங்க, இங்க கொஞ்சம் வாங்க" என்றாள். குரலை வைத்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

தடித்த கையுறை ஏன் போடவில்லை என்று மேனேஜர் கேட்கிறார். தடித்த கையுறை கட்டை மேசைக்காரருக்கு மட்டும்தான். மேசை போன அன்றே கையுறையும் ஸ்டோருக்குப் போய்விட்டது. மூட்டை பிரிக்கிறவர்களுக்கு மெல்லிய ரப்பர். தடித்ததைப் போட்டால் நாலு நிமிஷத்தில் ஆகாது.

உன் பிள்ளைகள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஒரு பெண் பலகையில் எங்கள் கூடத்தை வரைந்து, உன் அண்ணி நடக்கிற வழியெல்லாம் ஆணி அடித்துக் கம்பளி நூல் சுற்றிக்கொண்டே வந்தாள். சாயங்காலம் பார்த்தால் பலகை முழுக்கச் சிக்கு. "நான் ஒரு நாளைக்கு இவ்வளவா நடக்கறேன்?" என்று உன் அண்ணிக்கு ஒரே பெருமை. இன்னொருவன் அவள் உட்காருகிற ஸ்டூலில் சிவப்புச் சீட்டு ஒட்டினான். 'காத்திருப்பு' என்று எழுதியிருந்தது. மூட்டை வருகிறவரை அவள் உட்கார்ந்திருந்தது வீணாம். அதற்கும் சிரித்தாள்.

முதல் இரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. அதை நம்ப முடியாதாம். கிருமி இருந்தாலும் உடனே தெரியாதாம். செப்டம்பரில் ஒரு தடவை, டிசம்பரில் ஒரு தடவை எடுக்க வேண்டும். அதுவரை வீட்டில் அவள் தட்டு தனி, டம்ளர் தனி. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, தேவையே இல்லை என்கிறார். அவளாகப் பிரித்து வைத்துக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் காத்திருக்கிறோம். இதற்கு எந்தக் கலர் சீட்டு ஒட்டுவாய்?

பதில் வேண்டாம்.

மேஸ்திரி

ஆகஸ்ட் 9

அண்ணா,

பதில் வேண்டாம் என்றாய். சின்ன வயதிலிருந்தே நீ வேண்டாம் என்றதைத்தான் நான் செய்திருக்கிறேன்.

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். முதல் இரண்டிலும் நான் ஏன் குற்றவாளி இல்லை என்று நிரூபித்திருந்தேன். அழகாகத்தான் வந்திருந்தது. கையுறை விஷயம் எங்களுக்குத் தெரியாது என்று ஒரு பத்தி. தெரியாதுதான். ஆனால் மூன்று நாளும் அந்தக் கையுறை என் கண்ணெதிரில் ஆணியில் தொங்கியது. மேசையோடு அதுவும் போகுமே என்று நான் யோசித்திருக்க வேண்டும். நாற்பது பிள்ளைகளுக்கு 'ஒன்றை எடுத்தால் அதோடு எது எதெல்லாம் நகரும் என்று பார்' என்று சொல்லிக்கொடுக்கிறவள் நான்.

புது வகுப்பு தொடங்கிவிட்டது. முதல் நாள் வழக்கம்போல எட்டுப் பேரை உட்காரவைத்தேன். இரண்டாவது சுற்றுக்கு வரிசையை மாற்றுங்கள் என்றதும் என்ன செய்தார்கள் தெரியுமா? சரிபார்க்கிற பெண்ணை எழுந்திருக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு வருஷமும் முதலில் எடுக்கிற ஆள் அவர்தான். சும்மா உட்கார்ந்திருப்பதுபோலத் தெரிகிறவர் அவர் ஒருவர்தானே. ஒவ்வொரு வருஷமும் அந்த இடத்தில் நான் கைதட்டுவேன்.

இந்தத் தடவை தட்ட வரவில்லை. மணிகளில் ஒரு கைப்பிடியை எடுத்து மறைத்துவிட்டு, அடுத்த சுற்றைத் தொடங்குங்கள் என்றேன். நாலு மணி, மூன்று மணியோடு கவர்கள் ஒட்டப்பட்டு வந்து குவிந்தன. யாரும் கவனிக்கவில்லை. நேரம் பாதியாகிவிட்டதென்று குதித்தார்கள். எழுந்துபோன பெண் மட்டும் சுவரோரம் நின்றுகொண்டு, "மேடம், நான் இருந்திருந்தா பாத்திருப்பேன்" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அதற்குமேல் வகுப்பு நடத்த முடியவில்லை. தலைவலி என்று சொல்லிப் பாதியிலேயே விட்டுவிட்டேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. சாதாரண வாரத்தில் கட்டை மேசைக்கு எத்தனை ஊசி வரும்?

கோபித்துக்கொள்ளாதே. தெரிந்துகொள்ளத்தான்.

உன் தங்கை

செப்டம்பர் 19

தங்கச்சிக்கு,

வந்துவிட்டது. கல்லீரலைப் பிடிக்கிற கிருமி.

நேற்றுக் காகிதத்தை வாங்கினோம். டாக்டர் நல்ல மனுஷர். மருந்து இருக்கிறது, பன்னிரண்டு வாரம் தினம் ஒரு மாத்திரை, பெரும்பாலும் குணமாகிவிடும் என்று பொறுமையாகச் சொன்னார். உன் அண்ணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, "தட்டத் தனியா வச்சது நல்லதாப் போச்சு, பாத்தீங்களா" என்றாள். வீடுவரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பட்ட காலிலேயே படும் என்பார்களே, அதுவும் நடக்கிறது. அக்டோபர் 9 அன்று விசாரணை வைத்திருக்கிறார்கள். கவனக்குறைவு என்று முடிவானால் அவளுக்கு வேலை போய்விடும், வைத்தியத்துக்கும் ஆஸ்பத்திரி பொறுப்பேற்காது. அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். போன வாரம் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, "ஊசி வர்ற இடமே இல்லம்மா இது. இந்தக் கிருமி உங்களுக்கு வெளியில எங்கயாவது வந்திருக்கலாம் இல்ல?" என்று கேட்டிருக்கிறார். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தோரு வருஷம். வெளியில் எங்கே என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா?

அந்தத் துணிச்சல் அவருக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? உன் அறிக்கையிலிருந்து. அந்தப் பக்கத்தைத் தனியாகப் பிரதி எடுத்து வைத்திருக்கிறார். மூன்று நாள், எழுநூற்றுப் பத்தொன்பது விரிப்புகள், ஊசி பூஜ்யம். ஊசி வரும் வரும் என்று நாங்கள் சொல்வதெல்லாம் வாய்ச்சொல். வந்த ஊசியை டப்பாவில் போட்டு அனுப்புவோமே தவிர எழுதிவைக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. எழுதினால் வார்டுக்காரர்களோடு சண்டை வரும். எழுத்தில் இருப்பது உன் பூஜ்யம் ஒன்றுதான்.

அது தப்பு என்று இரண்டு வரி எழுதி, பல்கலைக்கழக முத்திரை போட்டு அனுப்பு. இதைக் கேட்கத்தான் எழுதினேன். உன்னிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

அண்ணன்

செப்டம்பர் 24

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் துறையின் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் என்னைத் தாண்டிக்கொண்டு போனார்கள்.

தப்பு என்று எழுதத் தயார். ஆனால் எது தப்பு? எண்ணியது தப்பா, எண்ணியவர்கள் தப்பா? ஏன் என்று கேட்பார்கள். காரணம் இல்லாமல் எழுதினால், அண்ணிக்காகத் தங்கை எழுதிக்கொடுத்தது என்று குப்பையில் போட்டுவிடுவார்கள். நியாயமும் அதுதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதக் கடைசியில் என் வேலையை நிரந்தரமாக்குவது பற்றி முடிவெடுக்கிறார்கள். அவர்கள் மேசைமேல் இருப்பதும் அதே அறிக்கைதான். துறைத்தலைவர் அதைத்தான் எல்லாரிடமும் தூக்கிக் காட்டுகிறார். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் என் தலைக்குள் இதுவும் ஓடுகிறது என்று உனக்குத் தெரியட்டும்.

ஆகஸ்டில் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. வாரத்துக்கு எத்தனை வரும்? அந்த மூன்று நாளில் மட்டும் ஏன் ஒன்றுகூட வரவில்லை? உனக்கு ஏதாவது தெரியுமா, அண்ணா?

உன் தங்கை

செப்டம்பர் 30

தங்கச்சி,

வாரத்துக்குப் பத்து, பன்னிரண்டு வரும். சில வாரம் இருபதும் வந்திருக்கிறது.

அந்த மூன்று நாளில் ஏழு வந்தன. ஏழும் என்னிடம் இருக்கின்றன. மிட்டாய் டப்பா ஒன்றில் போட்டு, வீட்டில் பரண்மேல் சுத்தியலுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

எப்படிச் சொல்வது? நீ வருகிறாய் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து முப்பத்தெட்டுப் பேர், முன்னால் என் தங்கை. எல்லாருக்கும் புது ஏப்ரன் வாங்கிக்கொடுத்தேன். குழாயடியைத் தேய்த்துக் கழுவவைத்தேன். மெஷினுக்கு எண்ணெய் போட்டேன். அப்புறம் இந்த ஊசி ஞாபகம் வந்தது. உன் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது விரிப்புக்குள்ளிருந்து இரத்தத்தோடு ஓர் ஊசி வந்து விழுந்தால், "மேடத்தோட அண்ணன் இப்படிப்பட்ட இடத்துலயா வேலை பாக்குறாரு" என்று நினைக்கமாட்டார்களா? வீட்டுக்கு ஆள் வருகிறார்களென்றால் அழுக்குத் துணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவோமே, அதைத்தான் செய்தேன்.

மூன்று நாளும் விடிவதற்கு முன்னால் ஐந்தரை மணிக்கே போய்விட்டேன். மேசைக்குப் போக வேண்டிய மூட்டைகளைப் பின்பக்கக் கொட்டகையில் நானே அவிழ்த்து, இடுக்கியால் பார்த்து, திரும்பக் கட்டி வைத்தேன். யாருக்கும் தெரியாது. உன் அண்ணிக்கும் தெரியாது. மூன்றாம் நாள் சாயங்காலம் அவளே, "என்ன அதிசயம், மூணு நாளா ஒரு சத்தம்கூட வரலயே. வார்டுக்காரங்களுக்கு புத்தி வந்துடுச்சு போல" என்றாள். நான் சிரித்தேன்.

மார்ச்சில் மேசையைத் தூக்கும்போது சொல்லியிருக்கலாம். "உன் தங்கச்சியே எழுதிக் குடுத்திருக்காங்கப்பா" என்றார் மேனேஜர். பெருமையாகக்கூட இருந்தது. ஒரு மாதத்தில் நாலைந்து ஊசி மெஷினில் மாட்டும், தானாக மேசை திரும்பி வரும் என்று நினைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, யாராவது கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருந்தேன். கண்டுபிடித்தது அவள் கை.

மூன்று மாதமாக உன்மேல் கோபித்துக்கொண்டிருந்தேனே, உன்னைத் திட்டாவிட்டால் என்னைத் திட்டிக்கொள்ள வேண்டும், அதனால்தான். போனை எடுத்தால் நீ எண்ணிக்கையைப் பற்றிக் கேட்பாய் என்று பயம்.

டப்பாவை விசாரணையில் வைத்தால் என் வேலை போகும். போகட்டும். அதற்குப் பயமில்லை. அவளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் சொல்லிக்கொடு. இத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறாய்.

அண்ணன்

அக்டோபர் 3

அண்ணா,

ஊசியை நீ எடுத்தது எனக்கு முன்பே தெரியும். நீயாகச் சொல்ல வேண்டும் என்றுதான் தெரியாததுபோலக் கேட்டேன்.

இரண்டாம் நாள் காலை. என்னால் தூங்க முடியவில்லை, ஆறு மணிக்கே விடுதியிலிருந்து நடந்து வந்துவிட்டேன். முன்கதவு பூட்டியிருந்தது, பின்பக்கமாகச் சுற்றினேன். கொட்டகையில் விளக்கு எரிந்தது. நீ குந்தி உட்கார்ந்து மூட்டைக்குள் இடுக்கியை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாய். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாய். டப்பாவில் போட்டு மூடினாய். டப்பாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய். அப்போது நீ பெருமூச்சு விட்டதுகூட எனக்குக் கேட்டது.

நான் வந்த வழியே திரும்பிப் போனேன். மணி எட்டாகும்வரை பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு பிள்ளைகளோடு முன்கதவு வழியாக வந்து உனக்குக் காலை வணக்கம் சொன்னேன்.

ஏன் என்று நீ கேட்பாய். நூறு தடவை என்னையே கேட்டுக்கொண்டேன். அண்ணன் நமக்காக இவ்வளவு கஷ்டப்படுகிறானே, அவன் மானத்தைப் பிள்ளைகள் முன்னால் வாங்குவானேன் என்று நினைத்தேன். இது பாதி. மீதிப் பாதியையும் சொல்கிறேன். பூஜ்யம் என்பது அறிக்கையில் எடுப்பாக இருந்தது. ஊசி வருகிறதென்று எழுதினால் அந்த ஒரு சிபாரிசு விழுந்துவிடும். நாற்பத்திரண்டிலேயே அதுதான் பெரிது. ஓர் ஆள், ஒரு மேசை, ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் மிச்சம்.

'மேஜையில் உட்கார்ந்து எழுதாதே, வேலை நடக்கும் இடத்துக்குப் போய் உன் கண்ணால் பார்' என்பது என் வகுப்பின் முதல் விதி. நான் போனேன். கண்ணால் பார்த்தேன். பார்த்ததை எழுதவில்லை.

நீ எண்ணிக்கையை மறைத்தாய். நான் மறைத்ததைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். உன் குற்றம் பெரிதா, என் குற்றம் பெரிதா என்று இனி நாம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். அதற்கு நேரமும் இல்லை.

துறைத்தலைவரிடம் நேற்றே சொல்லிவிட்டேன். "அவசரப்படாதீங்க, ஒரு மாசம் போகட்டும், அப்புறம் திருத்தம்னு ஒரு தாள் சேர்த்துக்கலாம்" என்றார். ஒரு மாதத்தில் என் வேலை நிரந்தரமாகிவிடும், அண்ணிக்கு வேலை போய்விடும். முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் அவ்வளவு தைரியசாலி இல்லை, உனக்குத்தான் தெரியுமே.

எட்டாம் தேதி ரயிலில் கிளம்பி ஒன்பதாம் தேதி காலை வருகிறேன். டப்பாவை எடுத்து வை. அண்ணியிடம் எப்படிச் சொல்வதென்று கேட்டாய். எனக்கும் தெரியவில்லை. ஆனால் விசாரணையில் மற்றவர்களோடு உட்கார்ந்து அவர் அதைக் கேட்கக்கூடாது. முந்தின நாளே வீட்டில் சொல்லிவிடு. நான் பார்த்ததையும் சேர்த்துச் சொல்.

உன் தங்கை

நவம்பர் 21

தங்கச்சிக்கு,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. அந்தப் பாடத்தை உன்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள் என்பதை இரண்டு தடவை படித்தேன். நூலகத்தில் பழைய அறிக்கைகளை அடுக்குகிற வேலை என்று எழுதியிருக்கிறாய். உனக்கு அடுக்குவது பிடிக்கும் என்று கேலியாக எழுதத்தான் நினைத்தேன், கை வரவில்லை.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். முடிவு வந்துவிட்டது. உன் அண்ணிமேல் தப்பில்லை, வேலை செய்யும் இடத்தில்தான் வந்தது என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள். வைத்தியம் முழுக்க ஆஸ்பத்திரியே பார்க்கும். மாத்திரை ஆறாவது வாரம் ஓடுகிறது. களைப்பாக இருக்கிறாள், சாப்பாடு இறங்கவில்லை, மற்றபடி பரவாயில்லை. மேனேஜர் மன்னிப்புக் கேட்கவில்லை. எதிரே வந்தால் இப்போது அவர்தான் ஒதுங்கிப் போகிறார்.

கட்டை மேசை திரும்ப வந்துவிட்டது. தடித்த கையுறை இரண்டு ஜோடி. வருகிற ஊசியை வார்டு வாரியாக எழுத நோட்டும் போட்டாயிற்று. முதல் வாரம் பதினாலு. அதை நான் எழுதவில்லை. என்னை மேஸ்திரி வேலையிலிருந்து இறக்கி வண்டியில் மூட்டை ஏற்றுகிற இடத்தில் போட்டிருக்கிறார்கள். வேலையை விட்டே அனுப்பியிருக்க வேண்டும், இருபது வருஷத்தைப் பார்த்து விட்டுவைத்தார்களாம்.

நீ இரண்டு கடிதத்திலும் அண்ணி எப்படி இருக்கிறார், என்ன சொன்னார் என்று கேட்கிறாய். இதுவரை பதில் எழுதாமல் இருந்ததே அதனால்தான்.

எட்டாம் தேதி சாயங்காலம் டப்பாவை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னேன். நீ பார்த்ததையும் சொன்னேன். அவள் டப்பாவைத் திறந்து ஏழையும் எண்ணினாள். மூடினாள். "அவ மானம் போகக்கூடாதுன்னு நீங்க மறைச்சீங்க. உங்க மானம் போகக்கூடாதுன்னு அவ மறைச்சா. அண்ணனும் தங்கச்சியும் ஒருத்தர ஒருத்தர் நல்லாத்தான் காப்பாத்திக்கிட்டீங்க" என்றாள். கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு, "அந்த மூணு நாளும் நான் காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேங்க, ஒரு சத்தம் வராதான்னு. என் வேலையும் அந்தப் பிள்ளைங்களுக்குத் தெரியணும்ல" என்றாள்.



மறுநாள் நீ வந்தபோது அவள் உனக்குக் காப்பி கொடுத்ததையும், ரயிலுக்கு நேரமாகிவிட்டதா என்று கேட்டதையும் வைத்து நீ மனதைத் தேற்றிக்கொண்டாய் என்று நினைக்கிறேன். அது விருந்தாளிக்குக் கொடுத்த காப்பி. அன்றைக்குப் பிறகு அவள் உன் பெயரை எடுக்கவில்லை. என்னோடு பேசுகிறாள். சாப்பிட வாங்க, பால் வாங்கணும், குழாய் ஒழுகுது, அவ்வளவுதான்.

வருஷக் கடைசி விடுமுறைக்கு வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். இப்போது வேண்டாம். டிசம்பர்க் கடைசிப் பரிசோதனை முடியட்டும். அப்போதும் நானாகக் கூப்பிடமாட்டேன். அவள் கூப்பிடச் சொன்னால் கூப்பிடுகிறேன். உன் கடிதங்களை அவள் கண்ணில் படுகிற மாதிரிதான் வைக்கிறேன். இனி எதையும் ஒளித்து வைப்பதில்லை.

இன்னொன்று. மாத்திரை முடிகிறவரை வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பதால் துணி காய்ந்ததும் அவள்தான் மடிக்கிறாள். முன்பெல்லாம் பேசிக்கொண்டே நாலு மடிப்பில் முடித்துவிடுவாள். இப்போது ஒவ்வொன்றையும் கட்டிலில் ஒற்றையாக விரித்து, உள்ளங்கையை ஓரம் வைத்து மேலிருந்து கீழ்வரை ஓர் இழுப்பு இழுக்கிறாள். நின்று கேட்கிறாள். பிறகுதான் மடிக்கிறாள். துண்டு, தலையணை உறை, அவளுடைய துணி, எல்லாம் அப்படியே. சொந்த வீட்டுத் துணியில் என்ன இருக்கப்போகிறது?

நேற்றுச் சாயங்காலம் நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் நிற்பது அவளுக்குத் தெரியும். கடைசியாக என் சட்டை வந்தது. அதை அவள் விரிக்கவில்லை. முதலில் பைக்குள் இரண்டு விரலை விட்டு, அடிவரை துழாவி, பையை வெளியே இழுத்துப் பார்த்தாள். பிறகு பையை உள்ளே தள்ளி, பட்டனைப் போட்டு, மற்றத் துணிகளோடு சேர்த்து மடித்து வைத்தாள்.

அண்ணன்